பழைய புஸ்தகங்களுக்கு யார் பாத்தியதை?

(வானூரில் தோழர்கள் கூட்டிய பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



எனக்கு இன்று கொடுக்கப்பட்ட விஷயம் "பழைய நூல்களை நாமே பதிப்பிப்பது" என்பதாகும். ஜாதி ஒழிய வேண்டும், மூடநம்பிக்கை ஒழிய வேண்டும் என்று பேசுவதை விட்டுவிட்டு இவன் அச்சுக்கூடத்துக் கணக்குப் பேச வந்துவிட்டானே என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால், நாம் மேடையில் பேசுவதெல்லாம் பெரும்பாலும் அந்த இராத்திரியோடு போய்விடுகிறது. மறுநாள் காலையில், பேச்சுக் கேட்டவன் வீட்டுத் திண்ணையில் என்ன புஸ்தகம் கிடக்கிறதோ அதுதான் அவனை ஆளுகிறது. அங்கே கிடப்பது என்ன? பஞ்சாங்கம் கிடக்கிறது, ஜோசியம் கிடக்கிறது, தல புராணம் கிடக்கிறது.

நம் தாலூகாவிலேயே திருவக்கரை இருக்கிறது. அங்கே கிடக்கும் கல்மரங்கள் சுமார் 2 கோடி வருஷங்களுக்கு முன்பு வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு, மண்ணுக்குள் புதைந்து கல்லாய்ப் போன மரங்கள் என்று பூமி சாஸ்திரம் படித்தவர்கள் சொல்லுகிறார்கள். அவை அசுரனுடைய எலும்புகள் என்று ஒரு கதையும் உண்டு. இந்த இரண்டில் எது சின்னக் குழந்தைக்கும் தெரிந்திருக்கிறது? கதைதான். ஏன் என்று கேட்டால், கதைக்கு மலிவுப் பதிப்பு இருக்கிறது, மரத்துக்கு இல்லை. வேறு காரணம் ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை.

பாத்தியதை தீர்ந்த புஸ்தகத்தை எடுத்து அச்சிட்டு ஊர் ஊராய் விற்பதில் நமக்கு வழிகாட்டிகள் யார் தெரியுமா? "பெரிய எழுத்து"க்காரர்களே! விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை, நல்லதங்காள் கதை எல்லாவற்றையும் இரத்தின நாயகர் கம்பெனி போன்றவர்கள் தடித்த எழுத்தில், மட்டக் காகிதத்தில், கண் மங்கிய கிழவனும் படிக்கும்படி போட்டு, சந்தையிலும் திருவிழாவிலும் பரப்பினார்கள். அந்தக் கதைகளை எழுதியவன் இல்லை. அனுமதி கேட்க ஆளும் இல்லை. யார் வேண்டுமானாலும் போடலாம், போட்டார்கள். அவர்கள் போட்ட சரக்கைப்பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு. ஆனால் அந்த முறையைப்பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த முறையை நாம் ஏன் கைக்கொள்ளவில்லை என்பதுதான் என்னுடைய கேள்வி.

சட்டம் என்ன சொல்லுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் தம் உயிரோடு இருக்கும்போது வெளிவந்த புஸ்தகத்துக்கு, அவர் ஆயுள் முழுவதும், அவர் இறந்ததற்கு அடுத்த வருஷம் முதல் 60 வருஷமும் பாத்தியதை உண்டு. முதலில் 50 வருஷம் என்றுதான் இருந்தது. 1941-இல் இறந்த தாகூர் அவர்களின் நூல்களுக்கு 1991-இல் கெடு முடிகிறது என்றவுடன், அவருடைய விசுவபாரதி ஸ்தாபனத்துக்காகப் பரிந்து பேசி, 1992-இல் நாடு முழுமைக்கும் 60 ஆக்கிவிட்டார்கள். ஒரு வீட்டுக்கு நிழல் வேண்டுமென்று ஊருக்கே பந்தல் போட்டது போன்ற காரியம் இது. எப்படியோ, 60 என்பது 60-தான். அதற்கப்புறம் அந்தப் புஸ்தகம் ஏரித்தண்ணீர் மாதிரி, எவனும் மொண்டுகொள்ளலாம்.

இந்தக் கணக்கின்படி பார்த்தால், 1914-இல் இறந்த அயோத்திதாசப் பண்டிதர், 1946-இல் இறந்த சிங்காரவேலர், 1956-இல் இறந்த அம்பேத்கர் ஆகியவர்கள் எழுதி வெளியிட்டவை எல்லாம் பொதுச்சொத்து. "தாசிகள் மோசவலை" என்ற நாவலை 1936-இல் வெளியிட்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1962-இல் இறந்தார். 2022 முடிந்ததோடு அதற்கும் கெடு தீர்ந்துவிட்டது.

60 வருஷம் கழித்து வரும் இந்தச் சுதந்திரத்தைச் சண்டை போட்டு முன்கூட்டியே வாங்கிய கதை ஒன்று உண்டு. அதில் நம் பக்கத்து ஊர்க்காரருக்குப் பங்கிருக்கிறது. ஓமந்தூர் இங்கிருந்து எவ்வளவு தூரம் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த ஊர் இராமசாமி ரெட்டியார் 1947 முதல் 1949 வரை சென்னை மாகாண முதல் மந்திரியாக இருந்தார்.

பாரதியார் 1921-இல் இறந்தபோது அவர் குடும்பத்தாருக்கு மிஞ்சியது அவர் எழுத்து ஒன்றுதான். அதைச் சம்சாரம் செல்லம்மாள் கொஞ்ச காலம் அச்சிட்டுப் பார்த்தார். பிறகு பாத்தியதை பாரதியாரின் தம்பி விசுவநாதனிடம் போயிற்று. இசைத்தட்டு, சினிமா இவைகளுக்கான உரிமை தனியாக வேறொரு வியாபாரியிடம் போய், அவரிடமிருந்து ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. 1948-இல் டி.கே.எஸ். சகோதரர்கள் "பில்ஹணன்" என்ற படத்தில் பாரதியார் பாட்டு ஒன்றைச் சேர்த்தார்கள். உடனே வழக்கு வந்தது. அப்போதுதான் ஜனங்களுக்கு விழிப்பு உண்டாயிற்று. தெருவில் பாடுகிற பாட்டுக்குக் கோர்ட்டில் சொந்தக்காரன் ஒருவன் இருக்கிறான் என்பதே அதுவரையில் அநேகருக்குத் தெரியாது. வ.ரா., நாரண துரைக்கண்ணன், டி.கே. சண்முகம் முதலானவர்கள் கூடிப் பாரதி விடுதலைக் கழகம் என்று ஒன்றை வைத்துக்கொண்டு, செல்லம்மாள் அம்மாளின் சம்மதத்தையும் வாங்கிக்கொண்டு சர்க்காரை நெருக்கினார்கள். ஓமந்தூரார் சர்க்கார் 1949-இல் பாத்தியதையை எடுத்துக்கொண்டது. மெய்யப்பச் செட்டியாரும் தம்முடைய பங்கைப் பணம் கேளாமல் விட்டுக்கொடுத்தார். 1955-இல் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று திறந்துவிட்டார்கள். அப்போதிருந்த சட்டப்படி விட்டிருந்தால் 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.

பாரதியாரிடத்தில் நமக்கு ஒப்பாத கருத்துக்கள் பல உண்டு. அதைப்பற்றி வேறொரு கூட்டத்தில் பேசலாம். நான் இங்கே கவனிக்கச் சொல்லுவது அதன் பலனை. திறந்துவிட்ட பிறகு அவர் பாட்டு மூலை முடுக்கெல்லாம் மலிவு விலையில் கிடைத்தது. அந்த வழியிலேயே பாரதிதாசன், அண்ணா முதலாகப் பலருடைய நூல்களையும் தமிழ்நாட்டு சர்க்கார் பிற்பாடு நாட்டுடைமையாக்கி, வாரிசுகளுக்குத் தொகையும் கொடுத்திருக்கிறது. எழுதியவன் குடும்பம் பட்டினி கிடக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, புஸ்தகத்தை ஊருக்கு விட்டுவிடுங்கள் என்பதுதான் பேச்சு.

நம் வீட்டு விவகாரத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெரியாருடைய "குடி அரசு" எழுத்துக்களைத் தொகுத்துப் போடுவது யார் என்று இயக்கத்துக்குள்ளேயே இரண்டு ஸ்தாபனங்களுக்குள் வழக்கு நடந்து, 2009-இல் சென்னை ஹைகோர்ட்டு வெளியீட்டுக்குத் தடைகொடுக்க மறுத்துவிட்டது. நியாயம் யார் பக்கம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஊருக்கெல்லாம் பொதுவுடைமை பேசுகிறவர்களுக்கும் இந்தப் பாத்தியதை என்னும் வியாதி வரக்கூடும் என்பதற்காகச் சொன்னேன்.

இனி, "நாம் யார் புஸ்தகம் போட? நமக்கு என்ன யோக்கியதை?" என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். 1936-இல் லாகூரில் ஜாதி ஒழிப்புச் சங்கத்தார் அம்பேத்கரைத் தலைமையுரைக்கு அழைத்தார்கள். அவர் எழுதிய உரையைப் பார்த்ததும் பயந்து, வார்த்தையை மாற்றச் சொன்னார்கள். அவர் மாட்டேன் என்றார். மாநாடே நின்றுபோயிற்று. அவர் என்ன செய்தார்? தம் செலவிலேயே 1500 பிரதி அச்சடித்தார்! இரண்டு மாதத்திற்குள் அவ்வளவும் தீர்ந்துபோயிற்று. தமிழிலும் உடனே "ஜாதியை ஒழிக்க வழி" என்று "குடி அரசு"க்காரர்கள் வெளியிட்டார்கள். அந்த உரையை மேடையில் கேட்டவர் ஒருவரும் இல்லை. அச்சிட்டதனால்தான் அது இன்றைக்கும் இருக்கிறது.

இதற்கு நேர்மாறாக நடந்ததையும் பாருங்கள். 1880-களில் சென்னையில் சென்னை இலௌகிக சங்கம் என்று ஒரு நாத்திகச் சங்கம் இருந்து, "தத்துவ விவேசினி" என்ற தமிழ்ப் பத்திரிகை நடத்தியது. நம் இயக்கத்துக்கு 40 வருஷத்துக்கு முந்திய சங்கதி. நமக்கே அது தெரியாமல் போயிற்று. 2012-இல் பேராசிரியர் வீ. அரசு தொகுத்து நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் போட்ட பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. அயோத்திதாசரின் "தமிழன்" பத்திரிகை எழுத்துக்களும் அவர் இறந்து 85 வருஷம் கழித்து, 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுக்கப் பாளையங்கோட்டையில் அச்சாயின. இவ்வளவு காலம் இவற்றை ஒருவரும் தடை செய்யவில்லை. அச்சிடுவாரில்லை, அவ்வளவுதான். சர்க்கார் தடை செய்தால் நாம் கூட்டம் போட்டுக் கத்துவோம். கரையான் தின்றால் ஒருவரும் கேட்பதில்லை.

என் அனுபவம் ஒன்று. அந்தக் காலத்துச் சிறு புஸ்தகம் ஒன்றை அச்சிடலாமென்று நான் புறப்பட்டபோது, ஒரு புஸ்தக வியாபாரி, "எங்கள் அனுமதியில்லாமல் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும்" என்றார். "எழுதியவர் இறந்து நூறு வருஷம் ஆயிற்றே, உங்களுக்கு எப்படிப் பாத்தியதை?" என்றேன். "20 வருஷமாக நாங்கள்தான் போட்டு வருகிறோம்" என்றார்! கோயிலுக்குத்தான் பரம்பரை தர்மகர்த்தா உண்டு என்று நினைத்திருந்தேன். நாத்திகப் புஸ்தகத்துக்கும் உண்டு போலிருக்கிறது.

ஆனால் அவர் சொன்னதில் அரைக்கால் உண்மை உண்டு என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். மூலம் பொதுவானாலும், அவர்கள் புதிதாக எழுதிச் சேர்த்த முன்னுரை, அடிக்குறிப்பு, அட்டைப்படம் இவை அவர்களுடையவை. அம்பேத்கரின் மூலம் 2017 முதல் பொது. ஆனால் 2014-இல் நவயானா போட்ட பதிப்பிலுள்ள அருந்ததி ராயின் முன்னுரையை எடுத்தால் அது திருட்டு. மொழிபெயர்ப்பும் அப்படியே. பகத்சிங்கின் "நான் ஏன் நாத்திகன்?" 1931-இல் வெளிவந்தது, அதற்கு எப்போதோ கெடு முடிந்துவிட்டது. ஆனால் அதைத் தமிழாக்கி, அதற்காக 1935-இல் கைதியுமான தோழர் ஜீவானந்தம் 1963-இல்தான் இறந்தார். ஆகவே சட்டக் கணக்கில் அந்தத் தமிழுக்கு 2023 முடியும்வரை பாத்தியதை இருந்தது. எழுதியவர் யார், தமிழாக்கியவர் யார், இருவரும் எப்போது இறந்தார்கள் என்று விசாரித்துக்கொண்டுதான் அச்சுக்கூடத்துக்குப் போக வேண்டும்.

புஸ்தகம் கிடைப்பது முன்போல் கஷ்டமில்லை. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதி வந்த ரோஜா முத்தையா என்பவர் ஆயுள் முழுவதும் சேர்த்து வைத்த புஸ்தகங்கள் இன்று சென்னையில் பெரிய நூலகமாக இருக்கின்றன. 1998 பொங்கல் முதல் மதுரைத் திட்டத்தார் கூலி வாங்காமல் பழைய நூல்களை இணையத்தில் ஏற்றி வருகிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்திலும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். கையிலுள்ள செல்போனிலேயே பார்க்கலாம்.

கஷ்டமெல்லாம் பிழை திருத்துவதில்தான். படத்தைப் பார்த்து எழுத்தாக்கும் யந்திரம் இருக்கிறது. புதுப் புஸ்தகத்துக்கு அது நன்றாக வேலை செய்யும். ஆனால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை என்ற எழுத்துக்களுக்குப் பழைய புஸ்தகங்களில் வேறு உருவம். பெரியார் 1935-இல் "குடி அரசி"ல் மாற்றினார். சர்க்கார் 1978-இல்தான் ஒப்புக்கொண்டது. பழைய துதிக்கை வைத்த "லை"யைக் கண்டால் யந்திரம் திகைத்துப் போய் எதையாவது எழுதிவிடும். "கடவுள் இல்லை" என்ற இடத்தில் "லை" விழுந்துபோனால் நம் கதி என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்! ஆகையால் ஒருவர் பழைய பிரதியை உரக்கப் படிக்க, மற்றொருவர் புரூப்பைப் பார்க்க வேண்டும். இரண்டு தரம் பார்க்க வேண்டும்.

அதைவிட முக்கியம், எழுதியவர் சொல்லை நாம் மாற்றாதிருப்பது. இன்றைக்கு நமக்குப் பிடிக்காத வார்த்தை இருக்கலாம், தப்பான விஞ்ஞானம் இருக்கலாம். வேண்டுமானால் கீழே குறிப்புப் போடுங்கள், வெட்டாதீர்கள். புராணக்காரர்கள் இடைச்செருகல் செய்தார்கள் என்று மேடைதோறும் ஏசிவிட்டு, நாமும் அதே வேலையைச் செய்தால் என்ன மரியாதை? உ.வே. சாமிநாதய்யர் 1894-இல் புறநானூறு போட்டபோது எந்தெந்த ஏடு பார்த்தேன், யார் கொடுத்தது என்று எழுதிவைத்தார். அவர் கொள்கையை நாம் ஒப்ப வேண்டியதில்லை. அந்த வேலையை ஒப்பத்தான் வேண்டும். எந்த வருஷத்துப் பதிப்பைப் பார்த்து அச்சிட்டோம் என்பதை நாமும் முதல் பக்கத்திலேயே போட வேண்டும்.

இப்போதெல்லாம் ஆயிரம் பிரதி அடித்து வீட்டில் அடுக்கிக் கறையானுக்குப் போட வேண்டியதில்லை. 50 பிரதி, 100 பிரதி என்று விற்க விற்க அடித்துக்கொள்ளலாம். புஸ்தகத்துக்கு எண் வேண்டுமானால் ராஜா ராம்மோகன் ராய் பெயரிலுள்ள ஏஜென்சி காசு வாங்காமல் கொடுக்கிறது. 1954-ஆம் வருஷத்துச் சட்டப்படி கன்னிமாரா முதலான நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். அதைத் தண்டம் என்று நினைக்காதீர்கள், நம் பிரதி கரையானுக்குத் தப்பும் இடம் அதுதான்.

வானூர்த் தோழர்களுக்கு நான் சொல்லுவது இவ்வளவே. பெரிய புஸ்தகத்தில் கைவைக்க வேண்டாம். சிங்காரவேலர் விஞ்ஞானத்தைப்பற்றிக் "குடி அரசி"ல் எழுதிய கட்டுரைகள் சிலவற்றை எடுத்து, 16 பக்கப் பாரம் இரண்டு, ஆக 32 பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள். பாண்டிச்சேரியிலோ திண்டிவனத்திலோ விலை விசாரித்து, அடக்க விலையை அட்டையிலேயே அச்சிட்டுவிடுங்கள். புரூப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். இந்தக் கூட்டத்திலுள்ள பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவரும், பழைய எழுத்துப் படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரும் முன்வந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே படித்த பிரதியை எடுத்துக்கொண்டு நான் மறுபடியும் வருகிறேன்.