ஒற்றைக்கண் தாத்தா சொன்ன கதைகள்

இண்டியானா ஜோன்ஸ் என்றதும் கண்முன்னால் வருவது அந்தத் தொப்பி. அடுத்து இடுப்பில் சுருட்டி மாட்டிய சவுக்கு. 1981-இல் வந்த முதல் படத்தில் குகைக்குள் உருண்டு வரும் பெரிய கல்லை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஹாரிசன் ஃபோர்டின் அந்தக் கோணல் சிரிப்பும் அப்படித்தான். இவை எதுவுமே இல்லாமல் அதே மனிதனின் கதையைச் சொன்னால் ரசிகர்கள் ஏற்றுக்கொள்வார்களா? 1992 மார்ச்சில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ஜார்ஜ் லூகாஸ் அதைத்தான் செய்து பார்த்தார். ‘தி யங் இண்டியானா ஜோன்ஸ் க்ரானிகல்ஸ்’ என்று தொடருக்குப் பெயர். படங்களுக்கு முந்தைய காலம், அதாவது இண்டியின் பிள்ளைப் பருவமும் வாலிபமும்தான் கதை. எட்டு, பத்து வயது இண்டியாக கோரி கேரியர் நடித்தார். பதினாறு வயதுக்கு மேல் ஷான் பேட்ரிக் ஃபிளானரி.

முப்பது வருடம் கழிந்தும் இந்தத் தொடரைப் பற்றி ரசிகர்கள் நடுவே சண்டை ஓயவில்லை. “இது இண்டியே இல்லை, இது சரித்திரப் பாடம்” என்பது ஒரு கட்சி. “இதைப் பார்க்காதவனுக்கு இண்டியைத் தெரியாது” என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. ஆனால் முதல் கட்சியின் குறை பொய்யில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முன்கதை என்றால் ரசிகர் எதிர்பார்ப்பது 1989-இல் வந்த மூன்றாவது படத்தின் தொடக்கத்தைப் போல ஒன்றை. 1912, யூட்டா மாநிலம். சர்க்கஸ் ரயிலின் மேல் ஓடுகிறான் பையன் இண்டி. நடித்தவர் ரிவர் ஃபீனிக்ஸ். ரயில் போய்ச் சேர்வதற்குள் பாம்பு பயம் எப்படி வந்தது, சவுக்கு எப்படிக் கைக்கு வந்தது, முகவாய்த் தழும்பு ஏது, தொப்பி யார் கொடுத்தது, எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்துவிடுகிறது. தொடரைப் பார்க்க உட்கார்ந்தவர்கள் இதே வேகத்தை வாரா வாரம் எதிர்பார்த்தார்கள். தொடரோ பையனை பாரீசுக்குக் கூட்டிப்போய் பிக்காசோவையும் டேகாவையும் காட்டியது. வியன்னாவில் ஃபிராய்டோடும் யுங்கோடும் ஒரே மேசையில் சாப்பிட உட்காரவைத்தது. ருஷ்யாவில் டால்ஸ்டாயோடு வழிநடக்க வைத்தது.

ரசிகர்களின் பெரிய மனத்தாங்கல் இங்கேதான். ஒரே மனிதன் வாழ்நாளில் இத்தனை பேரையா சந்திப்பான்? உதாரணத்துக்கு ‘மிஸ்டரி ஆஃப் த ப்ளூஸ்’ என்ற அத்தியாயம். 1920, சிகாகோ. இண்டி ஓர் உணவகத்தில் பரிமாறுகிறவன். அவனுக்கு சாக்ஸபோன் வாசிக்கக் கற்றுத் தருபவர் ஜாஸ் மேதை சிட்னி பெஷே. அறைத் தோழன், பின்னாளில் மதுவிலக்கு அதிகாரியாகப் போகும் எலியட் நெஸ். கூட அலைகிற செய்தியாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே. எதிரே வந்து நிற்பது நிழலுலக தாதா அல் கபோன். ஒரு தெருவுக்குள் இத்தனை பேர்! நம்புவது கஷ்டம்தான்.

ஆனால் அதே அத்தியாயம் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். 1950, வயோமிங். பனியில் புதைந்த ஒரு மரக்குடில். உள்ளே நரைத்த தாடியோடு ஹாரிசன் ஃபோர்ட். ‘தி ஃப்யூஜிடிவ்’ படத்துக்காக வளர்த்த தாடி அது; அதை எடுக்க முடியாது என்பதால் தாடியோடேயே வந்து நடித்துக் கொடுத்தார். குடிலில் ஒரு பழைய சாக்ஸபோன் கிடக்கிறது. எடுத்து வாசிக்கிறார். கூட இருக்கும் நண்பர், இதை எங்கே கற்றாய் என்று கேட்க, சிகாகோ கதை பிறக்கிறது. பனிக்குளிரில் பொழுது போக வேண்டும், துரத்தி வரும் எதிரிகளை நினைத்து வரும் பயமும் அடங்க வேண்டும். அதற்காகச் சொல்லப்படுகிற கதை. அப்படிச் சொல்லும்போது ஒரு ஹெமிங்வே கூடுதலாக வந்துவிட்டால் என்ன?

தொடரின் உயிர் இந்த அமைப்பில்தான் இருந்தது. மற்ற அத்தியாயங்களில் கதை சொன்னவர் ஃபோர்ட் இல்லை. ஜார்ஜ் ஹால் என்ற மூத்த நடிகர். 93 வயது இண்டியானா ஜோன்ஸ் அவர். ஒரு கண்ணில் கறுப்புப் பட்டை, கையில் தடி. முதல் அத்தியாயத்தில் அருங்காட்சியகத்துக்கு வந்த இரண்டு பையன்களைப் பிடித்துக்கொண்டு எகிப்துக் கதையை ஆரம்பிக்கிறார். அப்புறம் ஒவ்வொரு வாரமும் கையில் அகப்படுகிற யாரிடமாவது ஒரு கதை. சிலர் நழுவப் பார்ப்பார்கள். அவர் விட மாட்டார்.

நம் ஊர்த் திண்ணைகளில் இப்படிப்பட்ட தாத்தாக்கள் உண்டு. காந்தியைக் கிட்டே நின்று பார்த்தேன், காமராஜர் என் தோளில் கை போட்டுப் பேசினார் என்பார்கள். கேட்கிற பிள்ளைகள் அதற்குச் சாட்சி கேட்பதில்லை. பார்த்ததும் கேட்டதும் ஆசைப்பட்டதும் ஒன்றாகக் கலந்து, கதை என்ற வடிவில் வருகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். 93 வயதுக் கிழவர் தன் வாலிபத்தைச் சொல்கிறார் என்றால், டால்ஸ்டாயும் ஃபிராய்டும் வந்துபோவது பிசகே இல்லை. அவர் நூற்றாண்டோடு கூடப் பிறந்தவர் மாதிரி, 1899-இல் பிறந்தவர். நூற்றாண்டின் கதையைத் தன் கதையாகச் சொல்கிறார்.

இந்தத் தாத்தாவைத்தான் ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை. தங்கள் நாயகனைத் தடியூன்றிய கிழவனாகப் பார்க்க மனம் வரவில்லை. ஒரு கண் எப்படிப் போனது என்ற கேள்விக்குக் கடைசிவரை பதிலும் வரவில்லை. லூகாஸ் பின்னால் தொடரை 22 முழுநீளப் படங்களாக ஒட்டித் தைத்தபோது, தாத்தா வரும் காட்சிகளை வெட்டிவிட்டார். 1999-இல் வீடியோ கேசட்டாகவும் 2007, 2008-இல் டிவிடியாகவும் வந்தவை அந்த வடிவம்தான். கால வரிசைப்படி அடுக்கியிருந்ததால் பார்க்க வசதி. பெருவாரியான ரசிகர்கள் வரவேற்றார்கள். நஷ்டம் என்ன என்று கேட்டவர்கள் குறைவு. கதைசொல்லி போனதும், அவர் கூட்டிக்குறைத்துச் சொன்னதெல்லாம் அப்பட்டமான நிஜமாக நிற்க வேண்டியதாயிற்று. எந்தக் குறையை ரசிகர்கள் சொன்னார்களோ அதை மூடியிருந்த போர்வையை அவர்கள் விருப்பப்படியே உருவியாயிற்று. 1950 பனிக்குடில் மட்டும் தப்பியது. அதில் இருந்தவர் ஹாரிசன் ஃபோர்ட் அல்லவா!

இனி, தொடரை நான் கொண்டாடும் காரணத்துக்கு வருகிறேன். தொப்பி எங்கிருந்து வந்தது என்பதை மூன்றாவது படம் சொல்லிவிட்டது. அந்தத் தொப்பிக்குக் கீழே இருக்கும் சலிப்பு எங்கிருந்து வந்தது? படங்களில் இண்டி அதிகாரிகளை நம்புவதில்லை. அரசாங்கம் என்றாலே முகம் சுளிக்கிறான். அதற்கு விடை முதல் உலகப் போர் அத்தியாயங்களில் இருக்கிறது. புகைபிடிக்கத் தடை என்று பிரெஞ்சில் எழுதிய பலகையைப் பார்த்து, அதிலுள்ள சொல்லையே எடுத்து ஹென்றி டிஃபான்ஸ் என்று பொய்ப் பெயர் சொல்லி பெல்ஜியப் படையில் சேர்கிற பையன். சோம் நதிக்கரையின் பதுங்கு குழிகள், விஷவாயு, எரிநெருப்பு. பின் வெர்டன். அங்கே அவன் மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டுபோகிறவன். தளபதிகள் விருந்து மேசையருகே நின்று, இன்னொரு தாக்குதல் நடத்தலாம் என்று முடிவெடுக்கிறார்கள். அந்த ஆணைக் காகிதம் இவன் பையில். முன்வரிசைக்குப் போய்ச் சேர்ந்தால் ஆயிரக்கணக்கானோர் சாவார்கள். பாதி வழியில் வண்டியை நிறுத்துகிறான். ஆணை போய்ச் சேராமல் செய்துவிடுகிறான். துப்பாக்கிச் சண்டை இல்லை, துரத்தல் இல்லை. ஒரு பையன், ஒரு வண்டி, ஒரு காகிதம். வெள்ளித்திரைப் படங்களில் அவன் செய்த சாகசங்களில் எதையும் இதற்கு ஈடாக நான் வைக்க மாட்டேன்.

காங்கோ அத்தியாயமும் அப்படியே. நோயில் மாண்டுபோன கிராமம்; உயிரோடு மிஞ்சியது ஒரு குழந்தை. நோய் தொற்றும், விட்டுவிட்டு வா என்பது மேலதிகாரியின் கட்டளை. ஆப்பிரிக்க சார்ஜண்ட் பார்த்தெலமி குழந்தையைக் கீழே விட மறுக்கிறார். நடித்தவர் ஐசக் தெ பாங்கொலே. அவர் அந்தக் குழந்தையைப் பிடித்திருக்கும் விதத்தைப் பாருங்கள். கைகளில் தயக்கமே இல்லை. பிறகு லாம்பரெனேயில் ஆல்பர்ட் ஷ்வைட்சரின் மருத்துவமனை. எதிரி நாட்டவர் என்று சொல்லி அந்த மருத்துவரைப் பிரெஞ்சுக்காரர்கள் 1917-இல் பிடித்துப் போனது உண்மை வரலாறு. பாடப் புத்தகம் என்று இதைத் தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை.

நமக்கு நெருக்கமான ஓர் அத்தியாயமும் உண்டு. 1984-இல் வந்த இரண்டாவது படத்தை மறந்திருக்க மாட்டீர்கள். இந்தியாவில் நடக்கும் கதை. திரைக்கதையை மாற்றச் சொன்னது இந்திய அரசு. படக்குழு இலங்கைக்குப் போய் கண்டிப் பக்கம் எடுத்தது. விருந்தில் குரங்கு மூளை, நரபலிப் பூசாரியாக அம்ரீஷ் புரி. பார்த்த நம்மவர் பலருக்கும் அது வலித்தது. இங்கே படத்துக்குக் கொஞ்ச காலம் தடையும் இருந்தது. அதே லூகாஸ் சில வருடங்களில் பத்து வயது இண்டியைக் காசிக்கு அனுப்பினார். அதை இயக்கும் பொறுப்பை அமிர்தசரஸில் பிறந்த தீபா மேத்தாவிடம் கொடுத்தார். அங்கே இண்டி சந்திப்பது ஜித்து கிருஷ்ணமூர்த்தியை, பிரம்மஞான சபையின் அன்னி பெசன்ட்டை, லெட்பீட்டரை. உலக குரு என்று பெரியவர்கள் முடிசூட்டப் பார்க்கும் பையனும் ஊர்சுற்ற வந்த அமெரிக்கப் பையனும் கடவுளைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். பயமுறுத்தும் இந்தியா இல்லை; பேசுகிற இந்தியா.

ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். கதை நடப்பதாகச் சொல்வது 1910 ஜனவரி. அந்த மாதம் கிருஷ்ணமூர்த்தி இருந்தது காசியில் இல்லை, நம் சென்னை அடையாறில். லெட்பீட்டரும் அங்கேதான். பெசன்ட் அம்மையார் மட்டுமே காசியில். அடையாற்றுக் கடற்கரையில் தொடங்கிய கதையைக் கங்கைக் கரைக்கு மாற்றிவிட்டார்கள். தாத்தா இருந்திருந்தால் இதுவும் அவர் நினைவுப் பிசகு என்று போயிருக்கும்.

அப்பா விஷயத்தில் ரசிகர்கள் இரு கட்சியும் ஓரளவு ஒத்துப்போகிறார்கள். படத்தில் ஷான் கானரி மகனோடு பேசாத அப்பா. தொடரில் லாய்ட் ஓவன் கண்டிப்பான அப்பா. ஆனாலும் கிரீஸில் மெடேயோராவின் பாறை மடங்களுக்கு மகனோடு தனியாகப் போகிறார். அங்கே ஒட்டிய இந்த இருவரும் பிற்பாடு எப்படி விலகினார்கள் என்பதற்கு அம்மாவின் மரணம் என்ற ஒரே பதில்தான், அதையும் தொடர் விரித்துச் சொல்லவில்லை. எனக்கும் அது குறையாகவே படுகிறது.

ரசிகர்களின் மனம் கொஞ்சம் மாறியது 2008-இல். நான்காவது படத்தில் மகனிடம் இண்டி போகிறபோக்கில் ஒன்று சொல்கிறான்: சின்ன வயதில் மெக்சிகோப் புரட்சிக்காரர் பாஞ்சோ வில்லாவோடு குதிரையேறிப் போனேன் என்று. தொடரின் முதல் அத்தியாயத்தில் எகிப்துக் கதையோடு வந்த மெக்சிகோக் கதை அது. திரையரங்கில் ஒரு நொடியில் கடந்துபோகும் வசனம். தொடரின் ரசிகர்களுக்கோ, பதினாறு வருடம் வாசலில் நின்ற தங்கள் பையனை வீட்டுக்குள் கூப்பிட்டது மாதிரி.

அந்த முதல் அத்தியாயத்தை ஒளிபரப்பானபடியே பார்க்க வேண்டுமென்றால் இன்று டிவிடியில் வழியில்லை. 1992-இல் வீட்டு விசிஆரில் பதிந்துவைத்த சில ரசிகர்களின் கேசட்டுகளில் இருக்கிறது. நிறம் மங்கி, நடுநடுவே விளம்பரம் வெட்டி, ஓரத்தில் கோடு ஓடுகிற படம். அதில் இன்னும் அந்தத் தாத்தா தடியை ஊன்றிக்கொண்டு, ஓடப் பார்க்கும் இரண்டு பையன்களை நிறுத்தி எகிப்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.