சிலுவையும் செங்கோலும்

(புங்குடுதீவு மடத்துவெளியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பழைமை பேணும் சுவிசேஷ சபைகள் சிலவற்றுக்கும் எதேச்சாதிகார அரசியலுக்கும் இடையே வளர்ந்துள்ள உறவைப் பற்றிப் பேசப் புகுந்துள்ளேன். கிறிஸ்துவையோ கிறிஸ்தவ மக்களையோ பழிப்பது என் நோக்கமன்று. ஒரு சமயம் செங்கோலைப் பற்றிக்கொள்ளும்போது அச்சமயத்துக்கும் மக்களின் உரிமைக்கும் என்ன நேருகின்றது என்பதே நமது ஆராய்ச்சி.

கடல் சூழ்ந்த இத்தீவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். ஒல்லாந்தர் தங்கள் நகரொன்றின் பெயரால் புங்குடுதீவை மிடில்பேர்க் என்று அழைத்ததை மறந்துவிட்டோமா? 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய அவர்கள் பெயரை மட்டுமா மாற்றினார்கள்? தங்கள் திருச்சபையில் சேர்ந்தவனுக்கே அரச உத்தியோகம் என்றார்கள். விவாகமும் பிள்ளையின் ஞானஸ்நானமும் தோம்பில் ஏறாவிடின் முதுசத்துக்கும் வில்லங்கம். கத்தோலிக்க குருவுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. கிறிஸ்தவனைக் கிறிஸ்தவனே வேட்டையாடினான்!

விளைவு யாது? தோம்புகள் நிறைந்தன, உள்ளங்கள் நிறையவில்லை. 1795இல் ஆங்கிலேயர் வந்தனர், கட்டாயம் தளர்ந்தது. 1806இல் இங்கு வந்த கிளோடியஸ் புக்கானன் என்ற பாதிரியார் கண்டது பாழடைந்த தேவாலயங்களையே. வேட்டையாடப்பட்ட கத்தோலிக்கமோ, 1687இல் மாறுவேடத்தில் வந்த யோசேப் வாஸ் அடிகளின் தொண்டினால் நிலைத்து நின்றது. ஆட்சி ஊட்டிய சமயம் மெலிந்தது. ஆட்சி ஒடுக்கிய சமயம் வாழ்ந்தது. இதனினும் தெளிந்த சாட்சியம் வேண்டுமோ?

ஒல்லாந்தர் போயினர், அந்தக் கூட்டு போகவில்லை. மத்திய அமெரிக்காவிலே குவாத்தமாலா என்றொரு நாடு. 1982 மார்ச்சில் இராணுவப் புரட்சியால் ஆட்சிக்கு வந்த ஜெனரல் ரியோஸ் மொன்ற், கலிபோர்னியாவிலிருந்து வந்த சுவிசேஷ சபையொன்றின் அங்கத்தவர். ஞாயிறுதோறும் தொலைக்காட்சியில் ஒழுக்கம் போதித்தார். அவருடைய படையோ மாயா பழங்குடிக் கிராமங்களை எரித்தது. அமெரிக்கப் பிரசங்கிகள் சிலர் அவரை வாழ்த்தினர். 1,771 இக்சில் மக்கள் கொல்லப்பட்டது தொடர்பில், 2013 மே மாதத்தில் இனப்படுகொலைக் குற்றவாளி என நீதிமன்றம் தீர்த்தது. பத்து நாளில் அரசியலமைப்பு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. 2018இல் அவர் இறந்தார்.

அமெரிக்காவைப் பாருங்கள். 1979இல் ஜெரி பால்வெல் போதகர் 'ஒழுக்கப் பெரும்பான்மை' இயக்கத்தைத் தொடங்கினார். 2016 முதல் நடந்த மூன்று ஜனாதிபதித் தேர்தல்களிலும் வெள்ளையரான சுவிசேஷகருள் ஐந்தில் நால்வர் அளவினர் டிரம்புக்கே வாக்களித்தனர். வாக்களிப்பது அவர்கள் உரிமை. அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் 2021 ஜனவரி 6ஆம் நாள், தேர்தல் முடிவைத் தடுக்கப் பாராளுமன்றக் கட்டடத்துள் புகுந்த கூட்டத்திலே சிலர் இயேசுவின் நாமத்தால் செபம் செய்தார்களே, அது எந்த உரிமை?

இந்த உறவின் சூட்சுமம் இதுதான்: "உங்கள் குடும்ப நெறியையும் பள்ளிச் செபத்தையும் நான் காப்பேன்" என்கிறான் தலைவன். "நீ கடவுளால் தெரிந்தெடுக்கப்பட்டவன்" என்கிறது சபை. அவ்வளவில் அவனை எதிர்ப்பவன் கடவுளின் பகைவனாகின்றான். பின்னர் நீதிமன்றம் ஏன்? பத்திரிகை ஏன்? தேர்தல்தான் ஏன்?

எல்லாச் சுவிசேஷகரும் இவ்வாறில்லை. கனெற்றிக்கட் மாநிலத்துப் பப்ரிஸ்துகளுக்கு 1802இல் எழுதிய மறுமொழியிலேதான் ஜெபர்சன் சமயத்துக்கும் அரசுக்கும் இடையே மதில் வேண்டும் என்றார். அன்று சிறுபான்மையாயிருந்த அவர்களே அந்த மதிலை வேண்டி நின்றவர்கள். 1934இல் ஜெர்மனியின் பார்மன் நகரில் கூடிய புரட்டஸ்தாந்தர், ஹிட்லருக்குத் தாளம் போட்ட திருச்சபையாரை மறுத்துப் பிரகடனம் செய்தனர்.

நம் நாட்டுக்கு வருவோம். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கின்றது. கத்தோலிக்கக் கன்னியர் சபையொன்றைச் சட்டப்படி இணைக்க வந்த மசோதாவில், சமயத்தைப் பரப்பும் உரிமை அரசியலமைப்பில் இல்லை என்று 2003இல் உயர் நீதிமன்றம் கூறியது. இது சமய சுதந்திரத்தை மீறுவதாக ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2005இல் கண்டது. 2004இல் ஜாதிக ஹெல உறுமய கொண்டுவந்த மதமாற்றத் தடை மசோதா சட்டமாகவில்லை. இன்று வடக்கிலே நம்மவருள்ளும் அத்தகைய சட்டம் கேட்போர் உளர்.

அவர்களுடைய அச்சம் எனக்குப் புரியும். வறுமையைக் கண்டு வலை வீசுவதை நான் ஆதரிக்கவில்லை. ஏமாற்றுக்கும் மிரட்டலுக்கும் தண்டனை விதிக்கச் சாதாரணச் சட்டமே போதும். ஆனால் எது மெய்யான மனமாற்றம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைக் கொழும்பிடம் கொடுப்பது, நம் வீட்டுத் திறப்பை நாமே கொடுப்பதல்லவா? இன்று போதகரின் கதவைத் தட்டும் பொலிஸ், நாளை நம் கோயில் கதவைத் தட்டாது என்பதற்கு யார் பிணை?

சுவிசேஷ சபையாருக்கும் ஒரு வார்த்தை. இங்கே சிறுபான்மையாய் நீங்கள் கேட்கும் பாதுகாப்பை, பெரும்பான்மையாய் இருக்கும் நாடுகளில் உங்கள் சகோதரர் பிறருக்கு மறுக்கும்போது வாய் திறவுங்கள். ஆளுவோரை ஆசீர்வதிக்க மேடை ஏறாதீர்கள்.

சமயம் மனிதனின் நெஞ்சுக்குரியது. அரசு எல்லோருக்கும் உரியது. எந்தச் சமயத்துக்கும் செங்கோலைக் கொடோம். எந்த அரசுக்கும் நம் நெஞ்சைக் கொடோம். இந்த உறுதியை இவ்வூரிலிருந்து தொடங்குவோமாக!