பக்திப் பாட்டும் பகுத்தறிவும்



"கடவுள் இல்லை என்கிற உங்களுக்குப் பக்திப் பாட்டு எதற்கு?" என்று சிலர் நம்மைக் கேட்கிறார்கள். மேல்நாட்டு அனுபவத்தைக் கொண்டே பதில் சொல்லுகிறேன்.

இத்தாலி தேசத்து வெர்டி என்பவர் பெரிய சங்கீத வித்வான். அவர் அவ்வளவாக நம்பிக்கையுள்ளவரல்ல என்று அவர் மனைவியே எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவர்தான், மான்ஸோனி என்ற எழுத்தாளர் செத்ததற்காக, கிறிஸ்தவர்களின் இழவுப் பூசைப் பாட்டுக்கு இசை அமைத்தார். அது 1874 மே 22-ந் தேதி மிலான் நகரத்துக் கோவிலொன்றில் அரங்கேறிற்று. கோவிலில் பெண்கள் பாடுவதற்குத் தனி அனுமதி வேண்டியிருந்தது. மூன்று நாள் கழித்து அதே பாட்டு லா ஸ்காலா நாடகக் கொட்டகையில் நடந்தது. கோவிலை விட்டு வந்ததால் அதன் இனிமை குறைந்தா போயிற்று?

இங்கிலாந்து வான் வில்லியம்ஸ் என்பவரும் கடவுள் விஷயத்தில் சந்தேகக்காரரே. 1906-ல் வெளியான ஆங்கிலத் தோத்திரப் புஸ்தகத்தின் சங்கீதப் பகுதிக்கு அவரே ஆசிரியர். கிராமத்துக் குடியானவர்கள் பாடிவந்த மெட்டுகளை அதில் சேர்த்தார். நேற்றுவரை குடியானவன் பாட்டு. இன்று கடவுள் பாட்டு!

இதிலிருந்து என்ன தெரிகிறது? ராகம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. மனிதனுடைய மூச்சும் உழைப்புமே அது. ராஜா வேஷம் போடுகிறவன் ராஜாவாகி விடுகிறானா?

ஆகையால், பாடுவதற்காகப் பக்தி இருப்பதாக நடிக்கவும் வேண்டாம். பக்தி இல்லை என்பதற்காகப் பாட்டை விடவும் வேண்டாம். ஆனால், பாட்டின் இனிமையையே கடவுளுக்கு ருசு என்று எவனாவது சொன்னால் ஏமாறாதீர்கள். புகழைப் பாடினவனுக்குக் கொடுங்கள். கூலியையும் அவனுக்கே கொடுங்கள்.