மேலாண்மைக் கல்வியும் நமது பைத்துல் மாலும்

(திமிரி ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

தோல் வணிகத்தால் உயர்ந்த மண் நம்முடையது. அருகிலுள்ள மேல்விஷாரத்தில் பிறந்த நவாப் சி. அப்துல் ஹக்கீம் சாஹிப் தோல் வணிகத்தில் ஈட்டியதைக் கல்விக்கும் தர்மத்திற்கும் வாரி வழங்கினார். அவர் பெயரால் 1965ஆம் ஆண்டு அவ்வூரில் கல்லூரி எழுந்தது. இன்று அதே வணிகம் ஏற்றுமதிச் சட்டமும் அந்நியச் செலாவணியும் அறிந்தவர்களை வேண்டி நிற்கிறது. ஆகவே பி.காம். முடித்த நம் பிள்ளைகள் எம்.பி.ஏ. பயில விழைகின்றனர்.

தடை கட்டணம்தான். அகமதாபாத் ஐ.ஐ.எம். நிறுவனத்தில் ஆண்டுக்கு ஒன்றரை இலட்சமாக இருந்ததை 30,000 ரூபாயாகக் குறைக்குமாறு 2004இல் மத்திய அரசு ஆணையிட்டது, அவ்வாணை நிலைக்கவில்லை. இன்று இரண்டாண்டுக் கட்டணம் இருபது இலட்சத்தைக் கடந்துவிட்டது. குடும்ப வருமானத்தைப் பார்த்து அங்கேயே வழங்கப்படும் உதவித்தொகைகள் உண்டு. முதலில் அவற்றிற்கு விண்ணப்பியுங்கள்.

வங்கிக் கல்விக்கடன் எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் அது வட்டிக் கடன். ஆண்டு வருமானம் 4.5 இலட்சத்திற்கு உட்பட்டோருக்குப் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் வட்டியை அரசு ஏற்கும் திட்டம் உள்ளது. பிறகு வட்டி மாணவர் தலைமீதுதான். வெளிநாட்டுப் படிப்புக்குரிய ‘படோ பர்தேஷ்’ வட்டி மானியமோ 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. இந்நிலையில் ரிபா ஹராம் என்று மிம்பரில் நின்று சொல்லிவிட்டு வேறு வழி காட்டாமல் நாம் இறங்கிவிடலாகாது.

ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரைத் தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் வரையறுக்கிறது. “தகப்பனாருக்கு வசதியிருக்கிறதே, மகனுக்கு எப்படிக் கொடுப்பது?” என்று சிலர் வினவுகின்றனர். ஹனஃபி மத்ஹபின்படி பருவமடைந்த பிள்ளையின் தகுதி அவனுடைய சொந்த உடைமையைக் கொண்டே பார்க்கப்படும். அடிப்படைத் தேவைகள் போக ஏறத்தாழ 612 கிராம் வெள்ளியின் மதிப்பு அவனிடம் இல்லையெனில் பிறர் அவனுக்கு ஜகாத் கொடுக்கலாம். தகப்பன் தன் ஜகாத்தைக் கொடுக்க முடியாது. பெண் பிள்ளைக்கு நகையை உடைமையாகவே கொடுத்திருந்தால் கணக்கு மாறும். சையித் குடும்பத்தாருக்கு ஜகாத் ஆகாது.

ஜகாத்தை ஏழைக்கு உடைமையாக்கிவிட வேண்டும். அதைக் கடனாகச் சுழற்ற இயலாது. குர்பானித் தோல் விற்ற பணத்திற்கும் இதே சட்டம்தான். (ஆட்டுத்தோல் விலை வீழ்ந்து கிடப்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை!) ஆகவே ஜகாத்திற்குத் தகுதியற்றோருக்கும், வாங்கக் கூசுவோருக்கும் லில்லாஹ் நன்கொடையால் தனி நிதி ஒன்று தேவை. ஜித்தாவிலுள்ள இஸ்லாமிய வளர்ச்சி வங்கி, முஸ்லிம்கள் சிறுபான்மையினராக வாழும் நாடுகளின் மாணவர்களுக்காக 1983இல் ஒரு திட்டம் தொடங்கியது. சமுதாயத்திற்கு அது நன்கொடை. மாணவருக்கோ கர்ளு ஹஸனா எனும் அழகிய கடன். படித்து வேலையில் அமர்ந்தவர் வட்டியின்றித் தவணையாகத் தம் நாட்டு அறக்கட்டளைக்கே திருப்பிச் செலுத்துவார். அத்தொகை அடுத்த மாணவரைச் சென்றடையும். முதன்மையாக மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளுக்கென வந்த இம்முறையை மேலாண்மைப் படிப்புக்கு நம் ஊரளவில் நாமே நடத்தலாம். பத்து வியாபாரிகள் முன்வந்தால் முதல் மாணவரை அனுப்பிவிடலாம்.

இன்னொரு சிக்கல் உண்டு. ரமளானில் திரளும் ஜகாத் பெருநாளைக்குள் பகிர்ந்து முடிகிறது. கல்லூரிக் கட்டணமோ ஜூன், ஜூலையில் வருகிறது. நிஸாபு உடையவர் ஆண்டு நிறைவதற்கு முன்பே ஜகாத்தை முன்கூட்டிச் செலுத்த ஹனஃபி மத்ஹபில் அனுமதி உண்டு. செல்வந்தர்கள் அடுத்த ஆண்டு ஜகாத்தில் ஒரு பகுதியை ஜூன் மாதமே தரலாம். கட்டணம் செலுத்த வேண்டிய பிள்ளைகள் அனுமதிக் கடிதத்துடனும் கட்டண விவரத்துடனும் மே மாதத்திற்குள் ஜமாஅத் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். பெயர்கள் வெளியே சொல்லப்படமாட்டா.