சலானும் கச்சேரியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் கம்பனைப் பற்றியும் சிலம்பைப் பற்றியும் கேட்டு மகிழ்வதே நம் வழக்கம். அந்த விருந்து எனக்குப் பின் பேசவிருக்கும் புலவர் பெருமக்களிடமிருந்து உங்களுக்குக் கிடைக்கும். டில்லி நீதிமன்றங்களில் பல்லாண்டு தொழில் புரிந்தவன் என்பதால், காரியதரிசி அவர்கள் எனக்கு வேறொரு பணியை இட்டார். "காலனியில் வண்டியில்லாத வீடு இல்லை, சலான் வராத வண்டியும் இல்லை. அதைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார். சுவையற்ற பொருள்தான், சற்றே பொறுத்தருள வேண்டுகிறேன்.

இரண்டு சொற்களிலிருந்து தொடங்குகிறேன். நம் ஊரில் சலான் என்றால் பாங்கிலோ கருவூலத்திலோ பணம் செலுத்தும்போது நிரப்பித் தரும் சீட்டு. பணம் கட்டியாயிற்று, முத்திரை விழுந்தாயிற்று, காரியம் முடிந்தது என்ற நிம்மதியே அச்சொல்லோடு நம் மனத்தில் எழுகிறது. டில்லியிலோ சலானைப் போலீஸ்காரர் 'வெட்டுகிறார்'. கச்சேரி என்ற சொல்லும் இப்படித்தான். நமக்கு இன்று அது சங்கீதம். நம் பாட்டனார் காலத்தில் தாலுகா கச்சேரி என்று சர்க்கார் அலுவலகத்துக்கும் அதுவே பெயர். இந்தி பேசுவோர்க்கு 'கசஹரி' இன்றும் நீதிமன்றமே. நம்மவர் பலர் டில்லிச் சலானை ஊர்ச் சலானாக எண்ணிக்கொண்டு, மின்சாரக் கட்டணம்போல் வசதிப்பட்டபோது கட்டலாம் என்று மேசை இழுப்பில் போட்டுவிடுகிறார்கள். அன்பர்களே, அது கட்டணச் சீட்டு அன்று, ஒரு குற்றச்சாட்டு. ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ உங்களுக்கு உரிமை உண்டு. இரண்டில் எதையும் செய்யாமலிருந்தால் அது தானாக அழிவதில்லை. கசஹரிக்குப் போய் உங்கள் பெயரில் வழக்காக அமர்ந்துகொள்கிறது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2019-இல் அதைத் திருத்தி, அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் அபராதங்களைப் பன்மடங்கு உயர்த்தினார்கள். தலைக்கவசம் இல்லாமல் ஸ்கூட்டர் ஓட்டினால் 1,000 ரூபாய். அதனோடு 3 மாதம் லைசென்ஸ் இழக்கவும் நேரும். மதுவருந்தி ஓட்டுவோர்க்கு முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும். அத்தகையவர் நம்மிடையே இலர் என்று நம்பி மேலே செல்கிறேன்.

ஒன்றை மட்டும் தாய்மார்கள் தனியே மனத்தில் கொள்ள வேண்டும். வயது நிரம்பாத பிள்ளை டியூஷனுக்குத் தாமதமாகிறதே என்று வண்டிச் சாவியைக் கொடுத்துவிடுகிறோம். அவன் குற்றம் செய்து பிடிபட்டால், 199-ஏ பிரிவின்படி, காப்பாளரோ வண்டிக்கு உரியவரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் சட்டத்தில் உள்ள தண்டனை. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. டியூஷனுக்குப் பத்து நிமிடம் பிந்திப் போனால் குடி முழுகிவிடாது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். முற்காலத்தில் போலீஸ்காரர் கைகாட்டி வண்டியை நிறுத்துவார். குற்றம் நடந்ததும் நமக்குத் தெரியும், சலான் வெட்டியதும் தெரியும். இப்போது கம்பத்தின் மேல் இருக்கும் காமிரா பார்க்கிறது. சிவப்பு விளக்கைத் தாண்டியவரையும் வேகம் மிஞ்சியவரையும் படம் பிடிக்கிறது. காமிரா கண்ட குற்றத்துக்கு 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்றும், வழக்கு முடியும்வரை அந்தப் பதிவைக் காக்க வேண்டும் என்றும் 2021-இல் விதி வகுத்தார்கள். ஆனால் அந்த அறிவிப்பு எங்கே போகிறது? பதிவுப் புத்தகத்தில் உள்ள விலாசத்துக்கும் கைபேசி எண்ணுக்கும் போகிறது. நம்மவர் துன்பமெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

உத்தியோக நிமித்தம் ஊர் ஊராக மாறுகிறவர்கள் நாம். கரோல்பாக்கில் இருந்தபோது வாங்கிய வண்டி. இப்போது குடியிருப்பது மயூர் விஹாரில். வேறு சிலருடைய வண்டியின் பதிவு தஞ்சாவூர் விலாசத்தில் இருக்கும். அந்த வீடோ பூட்டிக் கிடக்கும். குடிமாறினால் 30 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும், வேறு மாநிலத்து வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்குள்ள எண்ணைப் பெற வேண்டும் என்பதும் சட்டம். எத்தனை பேர் செய்கிறோம்?

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெரியவரின் கதையைக் கேளுங்கள். மத்திய சர்க்காரில் முப்பது ஆண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஊருக்குத் திரும்புமுன் ஸ்கூட்டரை அறிமுகமான ஒருவருக்கு விற்றார். படிவங்களில் கையெழுத்திட்டு, தேதிகூடப் போடாமல் கொடுத்தார். வாங்கியவர் பெயர் மாற்றவே இல்லை. நான்கு ஆண்டுக்குப் பின், டில்லியில் இருக்கும் மகன் தற்செயலாகப் பார்த்தபோது அந்த எண்ணின் மேல் பதினேழு சலான்கள் நின்றன. காவிரிக்கரையில் காலை நடை போகும் மனிதர், அதே நேரத்தில் டில்லியில் சிவப்பு விளக்கைத் தாண்டியதாக ஏட்டில் இருக்கிறார்! சலானோடு போனால் நல்லது. அந்த ஸ்கூட்டர் ஒருவரை இடித்திருந்தால் என்ன ஆகும்? நஷ்டஈட்டு வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. விற்றவர் 14 நாளுக்குள் 29-ஆம் எண் படிவத்தில் பதிவு அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 30-ஆம் எண் படிவம். வாங்குபவர் செய்துகொள்வார் என்று விட்டுவிடாமல், நீங்களே தாக்கல் செய்து, ஏற்பு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஊர் திரும்பும் அவசரத்தில் நம்மவர் மறப்பது இந்த ஒரு காகிதத்தைத்தான்.

ஏட்டைத் தேடிப் பார்ப்பது எப்படி? முதலில் மத்திய சர்க்காரின் இ-சலான் தளம். அங்கே சலான் எண்ணையோ, லைசென்ஸ் எண்ணையோ, வண்டி எண்ணையோ கொடுக்கலாம். வண்டி எண் கொடுத்தால் சேஸிஸ் அல்லது எஞ்சின் எண்ணின் கடைசி 5 இலக்கங்களையும் கேட்கும். பதிவுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அமருங்கள். சலான் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது என்று அங்கே கண்டால், அடுத்துப் பார்க்க வேண்டியது வர்ச்சுவல் கோர்ட் எனப்படும் இணையவழி நீதிமன்றம். 2019-இல் டில்லியில்தான் இது முதலில் தொடங்கிற்று. அதில் டில்லிக்கு இரண்டு வாயில்கள் உண்டு: போலீஸ்காரர் நேரில் வெட்டிய சலானுக்குப் போக்குவரத்துத் துறை என்பது ஒன்று, காமிரா அறிவிப்புக்கு நோட்டீஸ் துறை என்பது மற்றொன்று. ஒன்றில் மட்டும் தேடிவிட்டு, "ஒன்றும் இல்லை" என்று மகிழ்ந்து எழுந்தவர் பலர். இரண்டிலும் பாருங்கள். கார் ஓட்டிக்கொண்டு ஆக்ரா, ஜான்சி, நாக்பூர், ஹைதராபாத் வழியாக ஊர் போய்வந்தவர்கள் அந்தந்த மாநிலத்தின் பெயரிலும் தேடிப் பார்ப்பது நலம்.

வழக்கு கிடைத்ததும் அதன் சி.என்.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 16 எழுத்தும் எண்ணும் கொண்டது அது. முதல் இரண்டு எழுத்து மாநிலத்தையும், அடுத்த இரண்டு ஜில்லாவையும், கடைசி நான்கு இலக்கம் ஆண்டையும் காட்டும். மனிதருக்கு ஜாதகம்போல வழக்குக்கு இந்த எண். இதைக் கொண்டு இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு எந்த மன்றத்தில், எந்த நிலையில், அடுத்த வாய்தா என்று என்பதையெல்லாம் வீட்டிலிருந்தே அறியலாம்.

வர்ச்சுவல் கோர்ட்டில் மாஜிஸ்ட்ரேட் நிர்ணயித்த அபராதம் தெரியும். கீழே இரண்டு வழிகள் இருக்கும்: அபராதம் செலுத்துகிறேன் என்பது ஒன்று, வழக்காட விரும்புகிறேன் என்பது மற்றொன்று. குற்றம் செய்தது உண்மையானால் செலுத்திவிட்டு ரசீதை அச்சிட்டு வையுங்கள். வழக்கு அத்தோடு முடியும். ஆனால் செய்யாத குற்றத்துக்கும், "ஐந்நூறோ ஆயிரமோ, தொலையட்டும்" என்று கட்டிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. கோர்ட்டுப் படி மிதித்ததில்லை என்பதை ஒரு குலப்பெருமையாகவே நாம் வைத்திருக்கிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. கட்டுவது ஒப்புதல்; அது உங்கள் பெயரில் ஏட்டில் நிற்கும். அதே குற்றம் மறுமுறை வந்தால், இரண்டாம் முறைக்கான தண்டனை பலவற்றில் கூடுதல்.

படத்தை உற்றுப் பாருங்கள். எண் உங்களுடையது, வண்டி வேறு நிறமாக இருக்கலாம். யாரோ உங்கள் எண்ணைப் போலிப் பலகையில் எழுதிக்கொண்டு திரிகிறார்கள் என்று பொருள். அப்படியானால் போலீஸிலும் எழுத்து மூலம் புகார் கொடுத்து வையுங்கள். குறித்த நாளில் வண்டி பட்டறையில் இருந்திருக்கலாம். பட்டறை ரசீதும் சுங்கச்சாவடியின் ஃபாஸ்டாக் கணக்கும் நல்ல சாட்சிகள். ஆம்புலன்ஸுக்கு வழிவிடக் கோட்டைத் தாண்டியிருக்கலாம். காலவரம்பையும் கவனியுங்கள். அபராதம் மட்டுமே விதிக்கத்தக்க குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க 6 மாதக் கெடு உண்டு. தக்க காரணம் இருந்தால் மன்றம் அதைத் தளர்த்தலாம். வழக்காடுகிறேன் என்று தெரிவித்தால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும். வக்கீல் இல்லாமல் நீங்களே நின்று பேசலாம். வக்கீல் வேண்டுமென்றால், 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும் உடல் ஊனமுற்றோர்க்கும் வருமானம் பாராமல் இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். வாயிலில் நின்றுகொண்டு, "சலானா ஸாப், நான் முடித்துத் தருகிறேன்" என்பவரிடம் மட்டும் காகிதத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

லோக் அதாலத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஆண்டில் சில முறை, பெரும்பாலும் சனிக்கிழமைகளில், நடைபெறும் தேசிய லோக் அதாலத்தில் நிலுவைச் சலான்களைச் சமரசமாக, பெரும்பாலும் குறைந்த தொகைக்கு, முடித்துக்கொள்ளலாம். டில்லியில் முன்கூட்டியே போக்குவரத்துப் போலீசாரின் தளத்தில் சீட்டை எடுத்து அச்சிட்டுக்கொண்டு போக வேண்டும். நாளொன்றுக்கு இத்தனை சீட்டு என்ற வரம்பு இருப்பதால், திறந்த சிறிது நேரத்திலேயே தீர்ந்துவிடும். திஸ் ஹஸாரி, ஸாகேத், துவாரகா என்று சீட்டில் எந்த வளாகம் உள்ளதோ அங்கேதான் போக வேண்டும். மது அருந்தி ஓட்டிய வழக்குகளுக்கு அங்கே இடமில்லை. அங்கே முடிந்த தீர்வின் மேல் அப்பீலும் கிடையாது. ஆகவே, குற்றம் செய்யவில்லை என்று உறுதியாக நிற்பவர், தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு அங்கே போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மற்றொரு எச்சரிக்கை. கைபேசியில் சலான் என்ற பெயரில் வரும் செய்திகளில் பல பொய். ஒரு செயலியை இறக்கிக்கொள்ளச் சொல்லும். இறக்கினால் பாங்குக் கணக்கே காலியாகும். செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாமல், ஜி-ஓ-வி டாட் இன் என்று முடியும் அரசாங்கத் தளத்தை நீங்களே திறந்து பாருங்கள். உண்மையான சலான் அங்கே இருந்தே தீரும்.

மேலே சொன்ன பெரியவரின் வழக்கில், விற்றபோது வாங்கிய ரசீதும், அவர் ஊரில் பென்ஷன் வாங்கிய பாங்குக் கணக்கும் இருந்தன. வழக்காடுகிறோம் என்று தெரிவித்தோம். பதினேழில் பதினொன்று தள்ளுபடியாயின; மற்ற ஆறும் நடந்துகொண்டிருக்கின்றன. ஸ்கூட்டர் இப்போதுதான் வாங்கியவர் பெயருக்கு மாறியிருக்கிறது.

காரியதரிசி அவர்களின் அனுமதியுடன் ஒன்று சொல்லி அமர்கிறேன். வரும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் காலை பத்து மணி முதல் சங்க வாசகசாலையில் இருப்பேன். பதிவுப் புத்தகத்தையும், விலாசத்துக்கு ஒரு சான்றையும், பதிவில் உள்ள எண்ணைக் கொண்ட கைபேசியையும் கொண்டு வாருங்கள். வண்டி விற்றவர்கள் முதலில் வரட்டும்.