வறட்சியும் வாலிபர் கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கோயிலிலே பூசை நிறைவெய்தியதும் கந்தபுராணத்து வாழ்த்தைப் பாடுவது நமது வழக்கம். அந்த வாழ்த்தின் முதல் வேண்டுதல் மழையைப் பற்றியது. அரசனின் செங்கோலும், வேள்வியும், தவமும் அதற்குப் பின்னரே வருகின்றன. திருவள்ளுவரும் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பையே வைத்தார். ஆதலால், ஒரு சைவ வாலிபர் சங்கத்தின் மேடையிலே வறட்சியைப் பற்றிப் பேசுவது சமயத்துக்குப் புறம்பான பேச்சு என்று எவரும் எண்ண வேண்டியதில்லை.

நமது குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறும் மாரிகாலத்து ஆறே. ஆண்டுக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது; அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. எஞ்சிய மாதங்களில் நமக்குக் கதி கிணறுதான். சுண்ணாம்புக் கல்லின் துளைகளிலும் வெடிப்புகளிலும் தேங்கிய மழைநீர், கடலிலிருந்து உட்புகுந்த உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது. உவர்நீர் பாரம் கூடியது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. மேலே 1 அடி குறைந்தால், கீழே உவர் 40 அடி ஏறிவர வழி பிறக்கும். நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே மேல்நீர் நன்னீர்; ஆழத்து நீர் உவர்நீர்.

இத்தகைய நிலத்தில் மாரி பொய்த்தால் என்ன நேரும்? 2016 ஆம் ஆண்டின் இறுதியில் அதுவே நேர்ந்தது. இலங்கை 40 ஆண்டுகளாகக் காணாத வறட்சி என்று அதைக் கூறினார்கள். 2017 இல் நாட்டின் நெல் விளைச்சல் முந்திய ஆண்டிலும் ஏறக்குறைய 40 சதவீதம் குறையும் என ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் கணித்தன.

சதவீதம் என்பது கச்சேரிக் கணக்கு. கமக்காரன் வீட்டுக் கணக்கு வேறு. புழுதியிலே நெல்லை விதைத்துவிட்டு அவன் வானத்தைப் பார்த்திருக்கிறான். முதல் மழைக்கு முளைத்த பயிர் அடுத்த மழை வராமையால் கருகுகிறது. தோட்டத்திலே வெங்காயத்தின் தாள் நுனி எரிந்து மஞ்சளாகிறது. கிணற்றுநீரை நாவில் வைத்தால் கரிக்கிறது. விதை வெங்காயத்துக்கும் பசளைக்கும் பட்ட கடன் மட்டும் வாடாமல் வளர்கிறது. முதலில் காப்பு அடைவுக்குப் போகிறது; பிறகு தாலிக்கொடி போகிறது. மகளின் கலியாணம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கப்படுகிறது. படித்துக்கொண்டிருந்த பையன் கொழும்புக்கு வேலை தேடிப் புறப்படுகிறான். வீட்டுப் பெண்கள் குடத்தோடு பவுசர் வரும் நேரம் பார்த்து ஒழுங்கை முகப்பிலே நிற்கிறார்கள். 2018 இல், வறட்சியுற்ற 12 மாவட்டங்களில் பெண்கள் வாங்கிய 100,000 ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளிவிட அரசாங்கமே முன்வர நேர்ந்ததென்றால், கடன்சுமை எத்துணைக் குடும்பங்களை அழுத்தியிருந்தது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் வானத்தின் குற்றமா? இக்கேள்விக்கு விடை காண, தூரதேசமாகிய அமெரிக்காவைச் சற்றே நோக்குவோம்.

அங்கே நடுச் சமவெளியிலே கன்சாஸ், ஒக்லகோமா, ரெக்சாஸ் முதலிய மாநிலங்களில் பல்லாயிரம் ஆண்டுகளாகப் புல் வளர்ந்து, அதன் வேர் மண்ணைப் பிடித்து நின்றது. கோதுமைக்கு நல்ல விலை வந்ததும் உழவு யந்திரங்களால் அப்புல்லைப் புரட்டினார்கள். 1930 ஆம் ஆண்டையடுத்து மழை பொய்த்தது. அதற்கு முன்னும் அங்கு வறட்சிகள் வந்ததுண்டு. ஆனால், இம்முறை மண்ணைப் பிடிக்க வேர் இல்லை. காற்று மண்ணை அள்ளிச் சென்றது. 1935 ஏப்ரல் 14 ஆம் திகதி வீசிய புழுதிப் புயல் பட்டப்பகலை இரவாக்கியது. அந்த நாளைக் ‘கறுப்பு ஞாயிறு’ என்று இன்றும் கூறுகிறார்கள். புழுதியைச் சுவாசித்துக் குழந்தைகளும் முதியோரும் மாண்டனர். 1940 ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய 25 இலட்சம் மக்கள் அச்சமவெளி மாநிலங்களை விட்டு வெளியேறியிருந்தனர். வறட்சி வானம் தந்தது. புழுதியோ மனிதன் தேடிக்கொண்டது.

அவர்கள் அழுதுகொண்டே இருந்துவிடவில்லை. அதே மாதம் 27 ஆம் திகதி மண் பாதுகாப்புச் சட்டம் கையொப்பமாயிற்று. 1934 முதல் 1942 வரை 20 கோடிக்கு மேற்பட்ட மரங்களைக் காற்றுத் தடுப்பாக நட்டார்கள். சரிவுக்குக் குறுக்கே உழப் பழகினார்கள்.

நமது நாட்டில் அத்தகைய புயல் இல்லை. எனினும், சோளகம் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் வெறுமையாய்க் கிடக்கும் செம்பாட்டுத் தரையிலிருந்து எழும் புழுதியை நாம் அறிவோம். பூவரசும் கிளுவையும் நின்ற வேலிகளை வெட்டி மதில் எழுப்பிய பிறகு, அந்தப் புழுதிக்குத் தடையேது? வடமராட்சி கிழக்கு மணற்காட்டிலே பழைய தேவாலயத்தை மணல் மூடிக் கிடப்பதையும் நாம் காண்கிறோம்.

ஆயினும், நமக்கு வாய்த்த ‘புழுதிப் புயல்’ காற்றில் வருவதன்று. கிணற்றின் அடியிலிருந்து வருவது. அதுவே உவர். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனிதனுடைய களைப்பே கிணற்றுக்குக் காவலாக நின்றது. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் இறைப்பு யந்திரம் பரவியது. முதுகு முறிக்கும் வேலையிலிருந்து மனிதனை விடுவித்த அந்த யந்திரத்தை நான் பழிக்கமாட்டேன். ஆனால், யந்திரம் களைப்பதில்லை. அயலவன் இறைக்கிறான், நாம் பின்தங்கலாகாது என்று நாமும் இறைக்கிறோம். கிணறு என்னுடையது, உறுதி என் பெயரில் இருக்கிறது என்கிறோம். கிணற்றுக்கு உறுதி உண்டு. நிலத்தடி நீருக்கு உறுதி ஏது? என் கிணற்றில் மிகையாக இறைத்தால், உவருவது அயலவன் கிணறுமாம்.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று சிலர் கூறுவர். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரவல்லது. நல்ல காரியம். ஆனால், அது குடத்துக்கு வரும் நீர். வெங்காயப் பாத்திக்கு வரும் நீரன்று. இரணைமடு நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவரும் பேச்சு எழுந்தபோது கிளிநொச்சிக் கமக்காரர் அஞ்சினர். அவர்களுடைய வயலும் நீரை நம்பியதுதானே! பிறர் நீரை எதிர்பார்க்குமுன் நம் கூரையிலும் ஒழுங்கையிலும் விழுந்து கடலுக்கு ஓடும் நீரை நாம் என்ன செய்கிறோம்?

குடாநாட்டிலே ஆயிரத்துக்கு மேற்பட்ட குளங்கள் உள்ளன. மழைநீரைத் தாங்கி மெல்ல மெல்ல நிலத்துக்குள் இறக்கும் வாயில்கள் அவை. இன்று பலவற்றில் சேறு நிறைந்திருக்கிறது. சிலவற்றில் குப்பை நிறைந்திருக்கிறது.

வாலிப அன்பர்களே! திருவீழிமிழலையிலே பஞ்சம் வந்தபோது நடந்ததைப் பெரியபுராணத்தில் கேட்டிருக்கிறீர்கள். அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் பொற்காசு அளித்தார். அவர்கள் அதைக்கொண்டு அடியார்களுக்கு அமுதளித்தார்கள். அப்பர் பெற்ற காசு வட்டமின்றிச் செல்லுபடியாயிற்று. சம்பந்தர் காசுக்கு முதலில் வட்டம் பிடித்தார்கள். ஏன்? அப்பர் உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு செய்தவர் என்கிறார் சேக்கிழார். பஞ்ச காலத்திலே கைத்தொண்டின் காசுக்குத்தான் முழு மதிப்பு. நமது சங்கமும் அந்தக் காசைச் சம்பாதிக்கட்டும்.

மூன்று காரியங்களை உங்கள்முன் வைக்கிறேன். முதலாவது, ஆண்டுதோறும் ஆவணியிலே, கமநல சேவை நிலையத்தின் அனுமதியோடு ஊர்க்குளம் ஒன்றைத் தூர்வாரி, நீர் வரும் வாய்க்காலைத் திறந்துவிடுங்கள். அள்ளிய சேற்றைத் தோட்டத்துக்குக் கொடுங்கள். இரண்டாவது, ஊரிலே 10 கிணறுகளைத் தெரிந்து, கிழமைதோறும் நீர்மட்டத்தை அளந்து, நீர் கரிக்கிறதா என்று பார்த்து ஒரு கொப்பியிலே பதியுங்கள். யந்திரத்தை எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அந்தக் கொப்பி சொல்லும். மூன்றாவது, திருவிழாச் செலவிலே ஒரு பங்கை ஒதுக்கி விதை நிதி ஒன்றை அமையுங்கள். பயிர் கருகிய குடும்பம் விதையை வட்டியின்றிப் பெற்று, விளைந்தபின் அதே அளவைத் திருப்பட்டும். ஒரு தாலிக்கொடி அடைவுக்குப் போகாமல் காப்பாற்றப்படுமானால், அதுவும் சிவபுண்ணியமே.

பெரியோர்களே! இவர்கள் மண்வெட்டியோடு வரும்போது, குளத்தின் பழைய எல்லை எது, வாய்க்கால் எவ்வழி ஓடியது என்பதைக் காட்டிக்கொடுங்கள். அந்த அறிவு உங்களிடம் மட்டுமே இருக்கிறது.

மழையைத் தருவது இறைவன் செயல். தந்த மழையை ஏந்திக்கொள்வது நமது செயல். வரும் ஐப்பசி மழை ஒழுங்கையால் ஓடிக் கடலிலே கலவாமல் நம் ஊர்க்குளத்திலே தங்கும்படி செய்வோமாக.