மகனைக் கேட்ட அரசி: டென்மார்க்கின் அன்னாவும் அவர் குடும்பமும்



நாடாண்ட அரசிகளைப் பற்றிப் பேசுவது எளிது. அவர்கள் போட்ட சட்டம் இருக்கும், நடத்திய போர் இருக்கும், வெளியிட்ட நாணயம் இருக்கும். அரசனை மணந்ததனால் மட்டும் அரசியானவர்களுக்கு அந்த வசதி கிடையாது. முடி உண்டு, அரியணை உண்டு, ஆனால் அதிகாரம் என்று ஏட்டில் எழுதிக் கொடுத்தது எதுவுமில்லை. அப்படிப்பட்ட ஒருவரை இன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸ், பின்னர் இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் ஆனாரே, அவருடைய மனைவி. ஆங்கில நூல்கள் 'ஆன்' என்று எழுதும். அவர் தம் கடிதங்களில் 'அன்னா' என்றே கையெழுத்திட்டார். நானும் அப்படியே சொல்கிறேன்.

நீண்ட காலமாக வரலாற்றாசிரியர்கள் இவரை ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். நகைப் பைத்தியம், கூத்துப் பிரியை, கடனாளி. நகையும் கூத்தும் கடனும் உண்மைதான். எடின்பரோவின் பொற்கொல்லர் ஜார்ஜ் ஹெரியட்டை 1597இல் தம் நகை வணிகராக அமர்த்திக்கொண்டு, அவரிடம் வாங்கிய நகையையே அவரிடம் அடகு வைத்துப் பணமும் வாங்கியவர் அன்னா. ஹெரியட் அந்த வியாபாரத்தில் சேர்த்த செல்வத்தில்தான், அவர் இறந்த பிறகு, எடின்பரோவில் தந்தையற்ற பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி எழுந்தது. ஆனால் இத்தோடு ஒருவரை எடைபோட்டு முடித்துவிட முடியாது. சட்டம் எந்தப் பதவியும் தராத ஒருவருக்கு அரசியல் எங்கே நடக்கும்? பிள்ளையை யார் வளர்ப்பது, மகளை யாருக்குக் கொடுப்பது, அந்தரங்கப் பணியில் யார் இருப்பது என்ற இடங்களில்தான் நடக்கும். அங்கே வைத்துப் பார்த்தால் அன்னா சளைத்தவர் அல்லர்.

பிறந்த வீட்டிலிருந்து தொடங்குகிறேன். 1574 டிசம்பர் 12, டென்மார்க்கின் ஸ்காண்டர்போர்க் கோட்டை. தந்தை அரசர் இரண்டாம் ஃபிரெடெரிக், தாய் மெக்லன்பர்க் நாட்டு சோஃபி. ஏழு பிள்ளைகளில் அன்னா இரண்டாமவர். பால்டிக் கடலுக்குள் போகும் கப்பல்களிடம் எல்சினோரில் வசூலித்த சுங்கத்தில் கொழித்த அரசு அது. விண்ணியலாளர் டைகோ பிராகேவுக்கு ஒரு தீவையே எழுதிக் கொடுத்தவர் இந்தத் தந்தை. ஆனால் இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் தாய்தான். 1588இல் கணவர் இறந்ததும் ஆட்சிக் குழுவில் இடம் கேட்டார், கொடுக்கவில்லை. தம் சீதன நிலங்களுக்குப் போய்ப் பண்ணைகளைத் தாமே நிர்வகித்தார், அரசர்களுக்கு வட்டிக்குக் கொடுத்தார். 1631இல் இறக்கும்போது வட ஐரோப்பாவின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். ஆண்கள் மறுத்த இடத்தில் வேறு வழி கண்டுகொள்ளும் குணம் மகளுக்கு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை.

திருமணப் பேச்சில் வரதட்சணை 75,000 தாலர் என்று முடிவாயிற்று. இடையில் ஒரு பழைய கணக்கும் கிளம்பியது. ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் ஸ்காட்லாந்துக்கு வாழ்க்கைப்பட்ட இன்னொரு டேனிஷ் இளவரசியின் வரதட்சணைப் பாக்கிக்காக ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுகள் அடகாகப் போயிருந்தன. அவற்றைத் திருப்பிக் கொடுங்கள் என்று டென்மார்க் கேட்டது. அப்புறம் அந்தப் பேச்சை ஒத்திப்போட்டார்கள்.

1589 ஆகஸ்ட் 20 அன்று குரோன்போர்க் கோட்டையில், மாப்பிள்ளைக்குப் பதிலாக ஸ்காட்லாந்துத் தூதர் நின்று திருமணம் நடந்தது. பெண்ணுக்குப் பதினான்கு வயது. கப்பலேறினார்கள். புயல் விடவில்லை. கப்பல்களில் தண்ணீர் புகுந்து, நார்வேக் கரையில் ஒதுங்க வேண்டியதாயிற்று. செய்தி கேட்ட ஜேம்ஸ், அமைச்சர்களுக்குக் கூடச் சரியாகச் சொல்லாமல் கப்பலேறிப் போய், நவம்பர் 23 அன்று ஆஸ்லோவில் மணப்பெண்ணைக் கைப்பிடித்தார். வாழ்நாள் முழுதும் எச்சரிக்கையாகவே நடந்த அந்த மனிதர் செய்த துணிச்சலான காரியம் இது ஒன்றுதான் என்பேன். குளிர்காலத்தை டென்மார்க்கில் மனைவியின் வீட்டாரோடு கழித்துவிட்டு, 1590 மே மாதம் லீத் துறைமுகத்தில் இறங்கினார்கள். அதே மாதம் 17ஆம் நாள் ஹோலிரூடில் அன்னாவுக்கு முடிசூட்டினார்கள்.

இந்தக் கல்யாணப் பயணத்துக்கு இருண்ட பின்கதை ஒன்று உண்டு. கப்பல்கள் ஏன் தத்தளித்தன என்று டென்மார்க்கில் விசாரணை வந்தது. கப்பல்களைச் சரியாக ஆயத்தப்படுத்தவில்லை என்று கடற்படைத் தலைவர் பீட்டர் முன்க் நிதி அமைச்சரைக் குற்றஞ்சாட்டினார். அமைச்சர், சூனியக்காரிகள்தான் புயலைக் கிளப்பினார்கள் என்றார். பழியை எங்காவது இறக்கிவைக்க வேண்டுமல்லவா? ஏழைப் பெண்கள்மேல் இறக்கினார்கள். அன்னா கோல்டிங்ஸ் முதலான பெண்களை எரித்தார்கள். அந்தத் தீ கடல் தாண்டி ஸ்காட்லாந்துக்கும் வந்தது. நார்த் பெர்விக் வழக்குகளில் ஜேம்ஸே உட்கார்ந்து விசாரித்தார். ஆக்னஸ் சாம்ப்சன் என்ற மருத்துவச்சி 1591 ஜனவரியில் கொல்லப்பட்டார்.

இனி, இந்தப் பேச்சின் நடுப்பகுதிக்கு வருகிறேன்.

1594 பிப்ரவரி 19 அன்று ஸ்டர்லிங் கோட்டையில் மூத்த மகன் ஹென்றி பிறந்தான். குழந்தையை மார் பிரபுவின் காவலில் அந்தக் கோட்டையிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னார் ஜேம்ஸ். தாய்க்கு அது இடி. டென்மார்க்கில் அன்னாவும் குழந்தைப் பருவத்தில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர்தான், ஆனால் அது சொந்த இரத்தம். இங்கேயோ, அவருக்கு ஒத்துவராத ஒரு பிரபு குடும்பம்.

ஜேம்ஸின் பக்கமும் சொல்லத்தான் வேண்டும். பிறந்து பதின்மூன்றாவது மாதத்தில், பெற்ற தாய் மேரியை இறக்கிவிட்டு அவரை அரியணையில் வைத்தார்கள் பிரபுக்கள். தாயை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. அவரை வளர்த்ததும் இதே ஸ்டர்லிங், இதே மார் குடும்பம். இளவரசன் யார் கையில் இருக்கிறானோ அவன் கையில் அரசு இருக்கிறது என்பது அவர் பட்டு அறிந்த பாடம். 1595 ஜூலையில் மார் பிரபுவுக்கு எழுதிய உத்தரவில், என் வாயால் நானே சொன்னாலொழிய பிள்ளையை எவரிடமும் கொடுக்காதே, நான் இறந்துபோனாலும் அவனுக்குப் பதினெட்டு வயது நிரம்பும்வரை அரசியிடமோ நாடாளுமன்றத்திடமோ ஒப்படைக்காதே என்ற பொருளில் கட்டளையிட்டார். தாயின் பெயரை வெளிப்படையாகக் குறித்தே விலக்கிய உத்தரவு அது.

அன்னா அழுதார் என்று மட்டும் எழுதிவிட்டுப் போனவர்கள் உண்டு. அழுதிருப்பார். அதோடு நிற்கவில்லை என்பதுதான் செய்தி. வேந்தவை அமைச்சர் மெய்ட்லண்ட், முன்பு அவருக்கு ஆகாதவர். மார் பிரபுவுக்கும் ஆகாதவர் என்பதால் அவரைத் தம் பக்கம் இழுத்தார். அரசவை இரண்டு அணியாயிற்று. எட்டாண்டுகள் இப்படியே போயின. இடையே மகள் எலிசபெத் 1596இல் பிறந்தாள். அவளையும் வேறொரு பிரபு வீட்டில் வளர்த்தார்கள். 1600இல் சார்லஸ்.

1603 மார்ச்சில் இங்கிலாந்தின் எலிசபெத் அரசி இறந்தார். ஜேம்ஸ் லண்டனுக்கு விரைந்தார், மார் பிரபுவும் கூடப் போனார். அன்னாவுக்கு இதைவிட நல்ல நேரம் எப்போது வரும்? கர்ப்பிணியாக இருந்தவர், தமக்கு வேண்டிய பிரபுக்களோடு மே மாதம் ஸ்டர்லிங் போய் மகனைக் கொடுங்கள் என்றார். அரசரின் உத்தரவு இல்லை என்று மார் குடும்பத்தார் மறுத்தனர். அந்த மோதலில் அவர் உடல்நலம் குலைந்து கரு கலைந்தது. செய்தி லண்டன் போயிற்று. மார் பிரபுவே திரும்பி வந்து அழைத்துப் போகட்டும் என்றார் ஜேம்ஸ். அவர் துணையோடு ஓரடியும் எடுத்துவைக்க மாட்டேன் என்றார் அன்னா. கடைசியில் அரசர்தான் இறங்கி வந்தார். லெனாக்ஸ் கோமகன் வழியாக உத்தரவு வந்து பிள்ளை தாயிடம் சேர்ந்தான். ஜூன் மாதம் ஒன்பது வயது ஹென்றியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தெற்கு நோக்கிப் பயணமானார். இங்கிலாந்து மக்கள் தங்கள் புதிய அரசியை முதன்முதலில் பார்த்தது இப்படித்தான்.

வெற்றி முழுமையானதா என்றால் இல்லை. இங்கிலாந்திலும் ஹென்றிக்குத் தனி மாளிகை, தனிப் பணியாளர்கள். எலிசபெத்தை ஹாரிங்டன் பிரபு தம்பதியிடமும், சார்லஸைக் கேரி தம்பதியிடமும் விட்டார்கள். 1605இல் வெடிமருந்துச் சதிக்காரர்கள் எலிசபெத்தைக் கடத்தி அரியணையில் வைக்கத் திட்டமிட்டிருந்தது வெளிவந்தபோது, ஜேம்ஸின் பயம் வீண் பயமல்ல என்றும் தெரிந்தது.

லண்டன் வாழ்க்கையில் அன்னாவுடைய முகமூடி நாடகங்களைத்தான் எல்லோரும் பேசுவார்கள். 1604இல், மறைந்த எலிசபெத் அரசியின் உடைகளையே வெட்டித் தைத்து அணிந்து, அரசியும் தோழியரும் தேவதைகளாக வந்தார்கள். பாவாடை உயரமாக இருந்தது, கால் தெரிந்தது என்று ஒருவர் கடிதத்தில் குறைபட்டுக்கொண்டார். மறு ஆண்டு பென் ஜான்சன் எழுத, இனிகோ ஜோன்ஸ் அரங்கமைக்க, ஆறு மாதக் கர்ப்பத்தோடு முகத்திலும் கையிலும் கருமை பூசிக்கொண்டு நடித்தார். அதற்கும் முணுமுணுப்பு. நான் முக்கியமாகக் கருதுவது 1610 ஜூனில் நடந்த நாடகத்தை. ஹென்றிக்கு வேல்ஸ் இளவரசர் பட்டம் கிடைத்த கொண்டாட்டம் அது. அதில் தாய் கடல்தெய்வம், மகள் தேம்ஸ் நதி, சிறுவன் சார்லஸ் தென்றல். பிரித்து வளர்க்கப்பட்ட பிள்ளைகளைத் தம் மேடையில், தாம் வகுத்த வரிசையில் அவர் நிறுத்தினார்.

தம்பி நான்காம் கிறிஸ்டியனைப் பற்றிச் சில சொற்கள். 1606இல் அவர் இங்கிலாந்து வந்தபோது நடந்த குடிக்கூத்தை நூல்கள் விரிவாகச் சொல்லும். அந்த விருந்தில் அன்னா இல்லை. சில வாரங்களுக்கு முன்புதான் கடைசி மகள் சோஃபியா பிறந்து, ஒரே நாளில் இறந்திருந்தாள். 1614இல் தம்பி சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி வந்தார். அக்காள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே நுழைந்தாராம். இந்தக் கிறிஸ்டியனை நமக்கும் தெரியும். 1616இல் டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பட்டயம் கொடுத்தவர் அவர். ஓவே யெட்டே தலைமையில் 1618 நவம்பரில் புறப்பட்ட கப்பல்கள் முதலில் இலங்கைக்குப் போயின. அங்கே காரியம் கைகூடவில்லை. 1620 நவம்பரில் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் செய்துகொண்ட உடன்படிக்கையில்தான் தரங்கம்பாடி டேனிஷ்காரர்களிடம் போனது. அந்தக் கப்பல்கள் நடுக்கடலில் இருந்தபோதே அக்காள் காலமாகிவிட்டார்.

1612 நவம்பர் 6 அன்று பதினெட்டு வயது ஹென்றி காய்ச்சலில் இறந்தான். இன்று அதை டைஃபாய்டு என்கிறார்கள். லண்டன் கோபுரச் சிறையிலிருந்த வால்டர் ராலேயிடம் ஒரு மருந்துக் கஷாயம் உண்டென்று கேள்விப்பட்டு, ஆளனுப்பி வாங்கிப் பார்த்தார் தாய். பயனில்லை. ஆனால் அதை அவர் மறக்கவில்லை. 1618இல் ராலேக்கு மரண தண்டனை உறுதியானபோது, அவர் உயிருக்காக அரசரின் நெருங்கிய தோழர் வில்லியர்ஸுக்கு நோயோடு கிடந்தபடியே கடிதம் எழுதினார். ராலேயைக் கொன்றுவிட்டார்கள்.

மகள் எலிசபெத்தை 1613இல் ஜெர்மானிய பாலட்டினேட் சிற்றரசருக்குக் கொடுத்தது அன்னாவுக்குப் பிடிக்கவில்லை. தகுதி போதாது என்பது அவர் எண்ணம். கணவரும் அவரும் வாழ்ந்த வீடுகளும் பெரும்பாலும் தனித்தனியாகிவிட்டன. எனினும் அவர்களுக்குள் பகை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதே ஆண்டு வேட்டையில் குறிதவறி அரசரின் செல்ல நாயை அன்னா சுட்டுவிட்டார். முதலில் சீறிய ஜேம்ஸ், மறுநாள் ஒரு வைரத்தை அனுப்பி, இறந்த நாய் உனக்கு எழுதிவைத்துவிட்டுப் போனது என்றாராம்.

1619 மார்ச் 2 அன்று ஹாம்ப்டன் கோர்ட்டில், நாற்பத்து நான்காம் வயதில் அன்னா இறந்தார். சார்லஸ் பக்கத்தில் இருந்தார். ஜேம்ஸ் நோயுற்று வேறு ஊரில் இருந்தார். கருவூலத்தில் பணமில்லாததால் அடக்கம் மே 13 வரை தள்ளிப்போனது. பிறந்தகத்திலிருந்து கூட வந்த பணிப்பெண்ணும் ஒரு பிரெஞ்சுப் பணியாளரும் நகைகளைத் திருடியதாகப் பிடிபட்டனர்.

அவர் பெற்ற ஏழு பிள்ளைகளில் அவருக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் இருவர். சார்லஸ் அரசராகி, 1649 ஜனவரியில் நாடாளுமன்றத்தாரின் கோடரிக்குத் தலை கொடுத்தார். தகுதி போதாத இடத்தில் வாழ்க்கைப்பட்டாள் என்று அன்னா வருந்திய எலிசபெத், பொஹிமியாவின் அரசியாகி ஏறத்தாழ ஓராண்டில் நாட்டை இழந்து, நாடுகடந்து வாழ்ந்து, பதின்மூன்று பிள்ளைகளைப் பெற்றார். அவர்களில் சோஃபியாவின் மகன் ஜார்ஜ் 1714இல் பிரிட்டனின் அரியணை ஏறினார். இன்றும் அந்த வழியினரே அங்கே இருக்கிறார்கள். கிரீனிச்சில் அன்னாவுக்காக இனிகோ ஜோன்ஸ் தொடங்கிய மாளிகையை 1635 வாக்கில் மருமகள் ஹென்ரியெட்டா மரியாவுக்காகக் கட்டி முடித்தார்கள். அது இப்போது ஓவியக்கூடமாக இருக்கிறது. லண்டன் போகிறவர்கள் பார்க்கலாம்.